டேபிளுக்கு எதற்குச் சாவி?

ஆக்சஸ் டிசைன் வியூவில் முதன்முதலாக ஒரு டேபிளை உருவாக்கி சேவ் செய்யும்போது, பிரைமரி கீ இல்லையே, நான் அமைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். புதியவர்கள் பலர் படிக்காமலேயே கிளிக் செய்துவிடுகிறார்கள். அது என்ன கீ?

நான் வசிக்கும் பட்டாபிராமையே எடுத்துக் கொள்ளுங்கள். திருவள்ளூர் செல்லும் மெயின் லைனில் பட்டாபிராம் ஸ்டேஷன். கிளைப் பாதையில் பட்டாபிராம் கிழக்கு டிப்போ, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று வேறு ஸ்டேஷன்கள். வெறுமனே 'பட்டாபிராம்' என்றால் எது? விவரம் தெரியாமல் லோக்கலில் ஏறும் விருந்தாளிக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்!

ரயில்வேயில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி கோடு உண்டு. ஆவடிக்கு ஏ.வி.டி., அம்பத்தூருக்கு ஏ.பி.யு. இப்படி ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் காட்டும் ஃபீல்டுதான் பிரைமரி கீ. அது காலியாக இருக்கக் கூடாது. இரண்டு முறை வரவும் கூடாது.

இப்போது ரயில்களுக்கு இன்னொரு டேபிள் போடுவோம். புறப்படும் இடத்தில் ஸ்டேஷன் பெயரை எழுதாமல், எம்.ஏ.எஸ். என்ற கோடை மட்டும் கொடுப்போம். இதுதான் ஃபாரின் கீ. சென்னை சென்ட்ரலின் பெயர் 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் என்று மாறியது. கோடு மட்டும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ்.தான். நம் ஸ்டேஷன் டேபிளில் ஓர் இடத்தில் பெயரைத் திருத்தினால் போதும்; ரயில் டேபிளைத் தொடவே வேண்டாம். இரண்டு டேபிள்களையும் முறையாக இணைத்திருந்தால், இல்லாத ஸ்டேஷனின் கோடை டைப் செய்தாலும் ஏற்காது.

கீயே மாறினால்தான் தலைவலி. 2010 டிசம்பரில் ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாயின. அந்த எண்ணைக் கீயாகக் கொண்ட டேபிள் என்றால், அதைச் சார்ந்த எல்லா டேபிள்களிலும் கை வைக்க வேண்டும்.

வீட்டில் சீட்டுக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? பெயரைக் கீயாக வைக்காதீர்கள். ஒரே தெருவில் இரண்டு ஆர். குமார் இருந்தால், ஒருவர் கட்டிய பணம் மற்றவர் கணக்கில் ஏறிவிடும். செல்போன் எண்ணும் வேண்டாம் என்பேன். கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். எண்ணை மாற்றுபவர்களும் உண்டு. ஆட்டோநம்பர் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுத்து, டூல்பாரில் உள்ள சாவிப் படத்தைக் கிளிக் செய்யுங்கள். ஆனால் ஒரே ஆளை நீங்கள் இரண்டு முறை டைப் செய்தால் ஆட்டோநம்பர் தடுக்காது. இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். புதுப் பெயரைச் சேர்க்கும் முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.