சூடாக வேண்டிய வாயு குளிரும்போது

லேசர் ஒளியை விழுங்கும் வாயு சூடாகத்தானே வேண்டும்? கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் கலந்த கலவையில் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைப் பாய்ச்சினால், முதல் கணத்தில் அது குளிர்கிறது! காற்றில் துளியளவே கலந்திருக்கும் வாயுக்களை ஒலியால் அளக்கும் கருவிகளைச் செய்பவர்கள் இந்த விசித்திரத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

இக்கருவிகளுக்கு அடிப்படையான ஒளியொலி விளைவு 1880-இல் தெரியவந்தது. ஒளிக்கற்றை வழியே பேச்சை அனுப்ப முயன்றுகொண்டிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், விட்டுவிட்டு விழும் வெயில் பட்டால் பொருள்கள் ஒலி எழுப்புவதைக் கவனித்தார். வாயுக்களும் அப்படி ஒலிக்கும் என்று அடுத்த ஆண்டே டிண்டாலும் ரான்ட்ஜெனும் காட்டினார்கள். ஒளி பட்டால் வாயு சூடாகி விரிகிறது, ஒளி நின்றால் சுருங்குகிறது. இந்த அழுத்த மாற்றம் மைக்கில் ஒலியாகப் பதிகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களை உறிஞ்சுவதால், லேசரின் அலைநீளத்தைச் சரியாகத் தேர்ந்தால் வேண்டிய வாயுவை மட்டும் ஒலிக்கச் செய்யலாம். 1971-இல் க்ரூசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நைட்ரஜனில் நூறு கோடிக்குப் பத்துப் பங்கே இருந்த மீத்தேனை இந்த முறையில் கண்டறிந்தார்.

ஆனால் ஒளி நேராக வெப்பமாகிவிடுவதில்லை. முதலில் அது மூலக்கூறை அதிரவைக்கிறது. அது மற்ற மூலக்கூறுகளோடு மோத மோதத்தான் அந்த அதிர்வாற்றல் வெப்பமாக மாறும். இதற்குப் பிடிக்கும் காலமே தளர்வு நேரம்.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இருக்கும் சிறு இசைக்கவையை மைக்குக்குப் பதிலாக வைக்கும் முறையை 2002-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு அறிமுகப்படுத்தியது. அந்தக் கவை நொடிக்கு 32,768 முறை அதிரும். ஓர் அதிர்வுக்குச் சுமார் 30 மைக்ரோநொடிதான்; ஒளியும் அதே தாளத்தில் துடிக்க வேண்டும். தளர்வு நேரம் அதைவிட நீண்டால், வெப்பம் வந்து சேர்வதற்குள் அடுத்த ஒளித்துடிப்பு வந்துவிடும். ஒலி மங்கும், பின்தங்கியும் ஒலிக்கும். வாயு அதே அளவில்தான் இருக்கிறது. கருவியோ குறைத்துக் காட்டும்.

கார்பன் டை ஆக்சைடின் கதை இன்னும் சிக்கலானது. 10.6 மைக்ரோமீட்டர் ஒளியை, அறை வெப்பத்தால் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மிகச் சில மூலக்கூறுகளே உறிஞ்சி மேல்நிலைக்குத் தாவுகின்றன. அந்த மேல்நிலையின் ஆற்றலும் நைட்ரஜனின் அதிர்வாற்றலும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் ஆற்றல் நைட்ரஜனுக்குக் கைமாறிவிடுகிறது. நைட்ரஜன் அதை எளிதில் விடாத கஞ்சன். இதற்கிடையே, கீழே காலியான இடத்தை நிரப்ப மற்ற மூலக்கூறுகள் வாயுவின் வெப்பத்திலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன. வெப்பநிலை இறங்குகிறது, விரிய வேண்டிய நேரத்தில் வாயு சுருங்குவதால் ஒலியலையும் தலைகீழாகிறது.

காற்றிலுள்ள மீத்தேனிடம் இதே வேலையை ஆக்சிஜன் செய்கிறது: ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. உலர்ந்த நைட்ரஜனில் கலந்த கார்பன் மோனாக்சைடும் தன் ஆற்றலை லேசில் விடாது.

இந்த மூன்றுக்கும் மருந்து நீராவி. நீர் மூலக்கூறுகளோடு மோதும்போது அதிர்வாற்றல் விரைவில் வெப்பமாகிவிடும். கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவிகளில் ஈரம் சேர்த்ததும் குறிகை பல மடங்கு உயர்கிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. உலர்ந்த சிலிண்டர் வாயுவை வைத்து அளவு குறித்த கருவி, ஈரக்காற்றில் வேறு எண்ணைச் சொல்லும். மழைநாளில் ஓர் அளவு, வெயில்நாளில் ஓர் அளவு என்றாகிவிடும்.

அதனால் கருவியோடு ஈரப்பத உணரியையும் சேர்த்து வைத்து, அது சொல்லும் எண்ணைக் கொண்டு முடிவைத் திருத்துகிறார்கள். சிலர் அளக்க வேண்டிய வாயுவையே முன்கூட்டி ஈரமாக்கி, ஈரப்பதத்தை ஒரே நிலையில் வைக்கிறார்கள். பழங்கள் வெளியிடும் எத்திலீனை கார்பன் டை ஆக்சைடு லேசரால் அளப்பவர்கள் செய்வது இன்னொன்று: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ரசாயன வடிகட்டியால் முன்பே நீக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் அதன் தலைகீழ் ஒலி எத்திலீனின் ஒலியோடு கலந்து கணக்கைக் குழப்பிவிடும்.