தந்தத்தின் விலையை எழுதாதே

காட்டுக்குள் போய் வேட்டைக் கும்பலை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்கிறாய். ஆசை நல்லதுதான், தம்பி. இன்னொரு டீ சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

கும்பல் என்றால் யார் என்று முதலில் பார்ப்போம். காட்டோரத்தில் கண்ணி வைப்பவன் ஒருவன். கிடைத்ததைச் சுமந்து ஊர் சேர்ப்பவன் இன்னொருவன். டவுனில் வாங்கி வைக்கத் தரகர் இருப்பார், அவருக்கும் மேலே முதல் போட்டவர். பெரும்பாலும் மாட்டுவது முதல் இரண்டு பேர்தான். புலித்தோல் வியாபாரத்தில் பேர்போன சன்சார் சந்த் 2005இல் பிடிபட்டது எந்தக் காட்டிலும் இல்லை, டெல்லியில்.

அதே வருடம் ஜனவரியில், ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலியே தென்படவில்லை என்று இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார் ஜே மஜும்தார். அப்போது அரசுக் கணக்கில் அங்கே பதினாறுக்குக் குறையாத புலிகள். முதலில் மறுத்தார்கள். பிறகு சிபிஐ விசாரணை நடந்தது. ஒரு புலிகூட மிச்சமில்லை என்று உறுதியானது. காலடித் தடத்தை வைத்துப் புலி எண்ணும் பழைய முறை மதிப்பிழந்தது, தானியங்கி கேமராக்கள் வந்தன. 2007இல் வன உயிரினக் குற்றத் தடுப்புக்கென்றே மத்திய அரசில் தனிப் பிரிவு அமைந்தது. இத்தனைக்கும் அந்தச் செய்தியில் துப்பாக்கிச் சண்டை எதுவும் கிடையாது. ஏட்டில் இருப்பது காட்டில் இருக்கிறதா என்று கேட்டதுதான் செய்தி.

ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. அவுட்டுக்காய் கேள்விப்பட்டிருப்பாய். காட்டுப்பன்றிக்காகத் தின்பண்டத்துக்குள் பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. கடித்த மாத்திரத்தில் வாய் சிதறிவிடும். கோவைப் பக்கம் அதைக் கடித்த யானைகள் தாடை உடைந்து, தீவனம் எடுக்க முடியாமல் பட்டினியில் செத்திருக்கின்றன. கீழே கிடக்கும் உருண்டையைக் காலால் தட்டிப் பார்க்காதே. தோட்டத்து ஓரத்தில் திருட்டுக் கரண்ட் இழுத்த கம்பி இருக்கலாம், இருட்டில் தெரியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போனால் நீயும் அத்துமீறியவன்தான்.

மனிதர்களால் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. 2022 ஜூனில் பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும், பழங்குடிகளுக்காகப் பாடுபட்ட புரூனோ பெரேராவும் படகில் வரும்போது கொல்லப்பட்டார்கள். பழங்குடி நிலத்தில் திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்க அந்த மக்களே ரோந்து போவதற்குத் துணை நின்றவர் பெரேரா. அமேசானில் அந்த மீனுக்குப் பின்னாலும் பணம் இருந்தது. ஆபத்து பணம் போகிற வழியிலேயே வரும்.

தந்தம் வாங்க வந்தவன்போல் நடிக்கலாமா என்று கேட்டாயே, கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடிய பொருள் அரசாங்கச் சொத்து. எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீசிடமோ அதற்குரிய அதிகாரியிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். ‘ஆதாரத்துக்காக வைத்திருந்தேன்’ என்பது செல்லாது. அதைவிட, ஆள் வந்திருக்கிறான் என்று நம்பி எவனாவது புதிதாக ஒரு யானையைச் சாய்த்துவிட்டால்? அந்தச் சாவு உன் கணக்கில்தான் வரும்.

அதனால்தான் கிலோ என்ன விலை என்றும் எழுதாதே என்கிறேன். வறுமையில் இருப்பவன் கண்ணில் அது விளம்பரமாகத்தான் படும். போட்டோ போடும்போது எடுத்த இடம் தெரியும் தகவலை நீக்கிவிடு.

உன்னிடம் பேசுகிறவர்களைத்தான் நீ அதிகம் காப்பாற்ற வேண்டும். நம் காடுகளில் நிறைய விஷயம் தெரிந்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் பழங்குடி இளைஞர்கள், வேலையும் நிரந்தரமில்லை. ‘இந்த முகாமில் உள்ள ஒரு காவலர் சொன்னார்’ என்று எழுதினால், பெயர் போடவில்லை என்று நீ நிம்மதியாகத் தூங்கிவிடுவாய். முகாமிலேயே நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். சொன்னது யார் என்று கண்டுபிடிக்க மேலதிகாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடலாம், அவர் எங்கே போவார்?

எங்கே தொடங்குவது என்றால், கோர்ட்டில் தொடங்கு. பழைய வேட்டை வழக்கு ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படி. எத்தனை வாய்தா, யார் சாட்சி மாறினார், கைப்பற்றியது கோர்ட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று குறித்துக்கொள். கண்ணி வைத்தவன் தினக்கூலி. அவனுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தது யார், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று பார். குற்றப்பத்திரிகையில் இல்லாத பெயர் ஒன்று அங்கே இருக்கக்கூடும்.