வாடிக்கையாளர் காணும் இரண்டாம் திரை

நாக்பூரில் பணியாற்றிய நாள்களில், உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் இல்லத் திருமண ஆல்பத்திற்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க, அவர் குடும்பத்தாருடன் ஒரு ஸ்டூடியோவிற்குச் சென்றிருந்தேன். உரிமையாளரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் சிரமம் இல்லாதபடி, எங்களை நோக்கித் தனித்திரை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மகிழ்ந்தோம். ஆனால், அவர் எங்கள் படங்களைத் தேடியபோது, வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தப் படங்கள் அத்திரையில் வரிசையாகத் தோன்றின. சற்று நேரத்தில், யாரோ ஒருவர் தர வேண்டிய பாக்கித் தொகை குறித்த செய்தி திரையின் மூலையில் மின்னி மறைந்தது. நண்பரின் தாயார், நம் வீட்டுப் படங்களையும் நாளை இப்படித்தான் பிறர் பார்ப்பார்களோ என்று மெல்லக் கேட்டார்.

இரண்டாம் திரை ஒரு நல்ல ஏற்பாடு. ஒளிப்படக் கலைஞர்களுக்கு மட்டுமன்றி, நகை வடிவங்களைக் காட்டுவோர், வீட்டு உள் அலங்காரம் செய்வோர், மனை விற்பனையாளர் ஆகியோருக்கும் அது பயன்படும். எனினும், வாடிக்கையாளர் காண வேண்டியதை மட்டுமே அது காட்ட வேண்டும். காட்டுவதை உண்மையான நிறத்தில் காட்ட வேண்டும்.

திரையைத் தேர்ந்தெடுத்தல்

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் குடும்பமாக வருபவர்கள். பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாமல் தெரிய வேண்டுமாயின், ஐபிஎஸ் வகைத் திரையே ஏற்றது. அளவிலும் கவனம் தேவை. 24 அங்குல அகலத்திரை ஏறத்தாழ 53 செ.மீ. அகலம் உடையது. திருமண ஆல்பங்களில் பெரிதும் வழங்கும் 12-க்கு 36 அங்குல விரிபக்கத்தை அதில் முழுமையாகக் காட்டினால், உயரம் 18 செ.மீ. அளவிற்குச் சுருங்கிவிடும். நால்வர் கூடிப் பார்க்கும் இடத்தில் 32 அங்குலத் திரை வசதியாக இருக்கும்.

இணைத்தல்

வாங்குவதற்கு முன் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் துளை காலியாக உள்ளதா என உறுதி செய்யுங்கள். கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பின், இரு திரைகளையும் அதிலுள்ள துளைகளிலேயே இணைப்பது நலம். மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை இருப்பதனாலேயே அது படத்தை வெளியே அனுப்பும் எனக் கருதிவிடலாகாது. எல்லா மாதிரிகளிலும் அவ்வசதி இல்லை.

நகல் வேண்டா, நீட்சி வேண்டும்

நாங்கள் கண்ட தவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். 'டூப்ளிகேட்' என்பதைத் தெரிவு செய்தால், உங்கள் திரையில் உள்ள அனைத்தும் அப்படியே வாடிக்கையாளருக்கும் தெரியும். 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தெரிவு செய்தால், இரண்டாம் திரை தனிப்பரப்பாக விரியும். நீங்கள் அங்கு நகர்த்தும் சாளரம் மட்டுமே அதில் தோன்றும். கோப்புறைகளைத் தேடுவதும் விலைப்பட்டியலைப் பார்ப்பதும் உங்கள் திரையிலேயே நிகழும்.

அதன்பின், டிஸ்பிளே அமைப்பில் உங்கள் திரையை முதன்மைத் திரையாகக் குறித்துவிடுங்கள். இரண்டாம் திரையில் டாஸ்க்பார் தெரியாதபடி நிறுத்துங்கள். வாடிக்கையாளர் அமர்ந்திருக்கும் வேளையில் அறிவிப்புகளையும் அடக்கி வையுங்கள். லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துவோர், விண்டோஸில் எஃப்11 விசையால் இரண்டாம் திரைக்கான சாளரத்தைத் திறக்கலாம். அதில் 'லாக்டு' நிலையைத் தேர்ந்தால், நீங்கள் அடுத்த படத்தைத் தேடும் வரை முந்தைய படம் அங்கே அசையாமல் நிற்கும். ஒவ்வொரு குடும்பத்தின் படங்களையும் தனிக் கோப்புறையில் வைப்பதும் இன்றியமையாதது.

ஒருவரை அடையாளம் காட்டும் டிஜிட்டல் படம், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறும் தனிநபர் தரவு என்னும் வரையறைக்குள் அடங்குவதாகும். ஆகவே இது பண்பாட்டுக் கடமை மட்டும் அன்று.

நிறத்தில் நேர்மை

திரையில் பார்த்தபோது பளிச்சென்று இருந்த படம் ஆல்பத்தில் இருண்டுவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் குறை. திரை தானே ஒளிர்வது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. கடையிலிருந்து வந்த நிலையிலேயே திரையை வைத்தால் அதன் ஒளிர்வு மிகுந்திருக்கும். அச்சுடன் ஒப்பிடும் திரைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரையிலான ஒளிர்வும், 6500 கெல்வின் வெண்மையும் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகள். திரையில் எஸ்ஆர்ஜிபி என்னும் அமைப்பு இருப்பின் அதனைத் தேர்ந்தெடுங்கள். படங்களை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியை அணைத்துவிடுங்கள். அளவீட்டுக் கருவி கொண்டு இரு திரைகளையும் ஒத்திசைப்பது சிறப்பு. அக்கருவி இல்லையெனில், முன்பு அச்சிட்ட படம் ஒன்றைத் திரையருகே வைத்து, இரண்டும் ஒத்துத் தோன்றும்வரை ஒளிர்வைக் குறையுங்கள். ஒப்புதல் அளித்த படமே ஆல்பத்தில் வந்தால், மீண்டும் அச்சிடும் செலவும் மனக்கசப்பும் நேரா.

கணக்கும் காப்பும்

ஒரு திரைக்காக மட்டும் கடன் பெறத் தேவையில்லை. கேமரா, கணினி, அச்சுப்பொறி எனத் தொழிலை விரிவாக்கும்போது அதனையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பிரதமர் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் அதற்கு மேல் 5 இலட்சம் ரூபாய் வரையிலும் கடன் பெற வழி உண்டு. ஜிஎஸ்டி பதிவு பெற்றோர், தம் பதிவு எண் குறித்த ரசீதைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள்.

இறுதியாக, வங்கியாளன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். இரண்டாம் திரை இயங்கும்போது இணைய வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். முன்பு மூடிய இடத்திலேயே சாளரங்கள் மீண்டும் திறப்பதுண்டு. உங்கள் கணக்கு இருப்பு வாடிக்கையாளர் முன் விரிந்துவிடக்கூடும்.

வாடிக்கையாளர் ஒருவர் வருமுன், அவருடைய நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து உங்களுக்குத் தெரிவதே அவருக்கும் தெரியும். நண்பரின் தாயார் எழுப்பிய ஐயம் உங்கள் கடையில் எழாதிருக்க, அந்த ஒரு நிமிடம் போதும்.