கருத்து சொல்லலாமா?

போன மாசம் வளவனூரில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள், அடுத்து என்ன படிக்க வைப்பது என்பதுதான் பேச்சு. விழுப்புரத்திலிருந்து பெரியப்பா, திண்டிவனத்திலிருந்து மாமா என்று எல்லாரும் வந்திருந்தார்கள். "கம்ப்யூட்டர் தான் இப்ப மவுசு" என்றார் மாமா. "பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலைதான் தோது" என்றார் பெரியப்பா. ஒரு மணி நேரம் கழித்து தங்கச்சி மெதுவாக, "நான் அக்ரி படிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான்தான் சொன்னேன்: "வந்துட்டாங்கப்பா கருத்து கந்தசாமி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஆயா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டது: "படிக்கப் போறது அவ. அவளுக்கு இன்னா தோணுதுன்னு யாருனா கேட்டீங்களாடா?"

தூக்கம் வரவில்லை. ஒரே வார்த்தையில் ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டேனே, அந்த வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று தேட ஆரம்பித்தேன். நான் இங்கிலீஷ் மீடியம். எனக்குக் கருத்து என்றால் ஒபீனியன், அவ்வளவுதான் தெரியும். தேடினால் வேறு கதை.

'கருது' என்ற வினையிலிருந்து வருவது 'கருத்து'. எழுது, எழுத்து ஆகிற மாதிரி. கருதுதல் என்றால் நினைத்தல், மதித்தல். ஆக, கருத்து என்பது மனதுக்குள் நினைத்துப் பார்த்த ஒன்று. வாயில் வந்ததெல்லாம் கருத்து ஆகாது.

இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: கவனம். "கருத்தா படி" என்று அம்மா சொல்வது 'அபிப்பிராயத்தோடு படி' என்று இல்லை, கவனமாகப் படி என்றுதான். "புள்ளைய கண்ணும் கருத்துமா வளர்த்தாங்க" என்பதிலும் அதே பொருள்தான். மூன்றாவதாக, ஒரு பாட்டின் உட்பொருளுக்கும் கருத்து என்றே பெயர். ஒரு நூலுக்கான உரை எப்படியெல்லாம் அமையும் என்று நன்னூல் 14 வகை சொல்கிறது. பாடத்துக்கு அடுத்து, இரண்டாவதாக வருவதே கருத்துதான்.

நம்ம பக்கத்துக்கு வந்தால், ஆய்வில் முதலில் வைத்துக்கொண்டு பிறகு சோதித்துப் பார்க்கிற ஊகத்துக்குப் பெயர் கருதுகோள். அரசு அலுவலகத்தில் திட்ட முன்மொழிவை 'கருத்துரு' என்பார்கள். தேர்தல் சமயத்தில் கருத்துக் கணிப்பு. எல்லாம் ஒரே வேர்.

ஆனால் கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் யாரும் "என் கருத்து என்னவென்றால்" என்று பேசுவதில்லை. "என்னக் கேட்டா...", "எனக்கு என்னமோ...", "எனக்குத் தோணுறது என்னன்னா..." இப்படித்தான் ஆரம்பிப்போம். பெரியவர்கள் 'அபிப்பிராயம்' என்பார்கள். கருத்து என்ற சொல் மேடையிலும் செய்தித்தாளிலும் மரியாதையோடு இருக்கிறது. நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் அது கிண்டல் ஆகிவிட்டது. யாராவது நாலு வரி சீரியஸாக எழுதினால் உடனே "கருத்து!" என்று ஒரு ஸ்டிக்கர். அவர் சொன்னது சரியா தப்பா என்று நாம் பார்ப்பதே இல்லை. சொன்னதே தப்பு என்று ஆக்கிவிடுகிறோம்.

சரி, எல்லாக் கருத்துக்கும் ஒரே மதிப்பா? அதுவும் இல்லை. "இந்த பீம் வளைந்திருக்கிறது" என்பது தகவல், அளந்து பார்த்துவிடலாம். "இந்தக் கட்டடம் பார்க்க நல்லா இல்ல" என்பது ரசனை. "இந்த பீம் இன்னும் பத்து வருஷம் தாங்காது" என்பது நிபுணர் கருத்து, அதற்குக் கணக்கு காட்ட வேண்டும். நீதிமன்றமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. சாட்சி சொல்பவர் பொதுவாகத் தான் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்ல வேண்டும். அறிவியல், கையெழுத்து, விரல் ரேகை போன்ற விஷயங்களில் மட்டும் அந்தத் துறை தெரிந்தவரின் கருத்தை ஏற்கலாம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இது 39-ஆவது பிரிவாக இருக்கிறது.

ஆனால் கருத்தைச் சொல்வதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு அந்த உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அவதூறு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று 8 காரணங்களுக்காக மட்டும், அதுவும் நியாயமான அளவில், அதைக் கட்டுப்படுத்தலாம். 2012-இல், எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய புதுச்சேரியில், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக ஒருவர் கைது செய்யப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்கு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. மற்றவருக்கு எரிச்சல் தருகிறது என்பதற்காக ஒரு கருத்தைக் குற்றமாக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சொல்லும் உரிமை மட்டும் இருந்தால் போதுமா? ஒரு பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ வருவதற்கு முன் நடக்கும் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கருத்துக் கேட்புக் கூட்டம். பெயரிலேயே கேட்பு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்கள் பேசியதைக் குறித்து, உள்ளூர் மொழியில் அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். 2020-இல் அந்த விதிகளை மாற்ற ஒரு வரைவு வந்து, நாட்டு மக்களிடம் கருத்து கேட்டார்கள். கேட்டது இந்தியிலும் ஆங்கிலத்திலும். புரியாத மொழியில் கேட்டால் எங்க ஆயா என்ன கருத்து சொல்லும்? டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வரைவை எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்து அனுப்புவதற்கான காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது.

இதையெல்லாம் படித்த பிறகு எங்க வீட்டு மாநாட்டை நினைத்துப் பார்த்தேன். அங்கே கருத்து நிறைய இருந்தது. கேட்புதான் இல்லை.

மறுநாள் தங்கச்சியிடம் போய் சாரி சொன்னேன். "சரி, இப்ப சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றேன். முதலில் முறைத்தாள். அப்புறம் அரை மணி நேரம் பேசினாள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நம்ம பொறியியல் கலந்தாய்வோடு அது சேராது என்பதுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தெந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். எங்க நிலத்துல ஏன் மணிலா விளைச்சல் குறையுதுன்னு தெரிஞ்சுக்கணும் என்பதும் அந்த நோட்டில் ஒரு வரி. இந்த வீட்டில் இந்த விஷயத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு பெரியப்பாவும் மாமாவும் மறுபடி வருகிறார்கள். முதலில் அவள் பேசட்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் முடிக்கும்வரை யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.