பேச்சு நின்ற மேடு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் மலைப்பாதையிலுள்ள கவுஞ்சியில், படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களின் ஓரமாகப் பள்ளிவிட்டு வீடு திரும்பிய இரண்டு சிறுமிகளின் பின்னே ஒரு மாலையில் நானும் நடக்க நேர்ந்தது. சமதரையில் ஓயாமல் பேசிக்கொண்டு போன அவர்கள், ஒற்றையடிப் பாதை மேட்டில் ஏறத் தொடங்கியதும் வார்த்தைகளைக் குறைத்து, பாதி மேட்டில் அறவே மௌனமானார்கள். பையின் வார்களை இரு கைகளாலும் பற்றி, முன்னுக்குச் சாய்ந்து ஏறி, உச்சியை அடைந்த பின்பே விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள்.

அந்த மௌனம் சரீர சாஸ்திரத்தில் ஓர் அளவுகோல். பேச முடிந்து பாட முடியாமற்போனால் உழைப்பு மிதமானது. நாலு வார்த்தை பேசுமுன் மூச்சு வாங்கினால் அது தீவிரமானது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு இவ்விதமான உழைப்பு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. ஆனால், 11 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் உலகெங்கும் நூற்றுக்கு 81 பேர், பெண்பிள்ளைகளில் 85 பேர், அந்த அளவை எட்டவில்லை என்பது 2016-ஆம் வருஷத்துக் கணக்கு.

30 கிலோ எடையுள்ள குழந்தை 100 மீட்டர் உயரம் ஏறினால், தசைகள் தாம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், சுமார் 28 கிலோகலோரி செலவாகும். ஓர் இட்லிக்கும் குறைவுதான். ஆயினும் லாபம் அந்தச் செலவில் இல்லை. கடல் மட்டத்தினும் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இம்மலைகளில், தினந்தோறும் இருதயமும் சுவாசப்பைகளும் அந்தச் சில நிமிஷங்கள் முழு முயற்சியுடன் இயங்குகின்றனவே, அதுவே லாபம்.

வாசலில் வந்து நிற்கும் வண்டி இந்த மேட்டைக் குழந்தையிடமிருந்து பறித்துக்கொள்கிறது. காட்டுமாடு நடமாடும் மலையில் பிள்ளையைத் தனியே அனுப்ப அஞ்சும் தாயை நான் குறை சொல்லேன். ஆனால், மேட்டையும் இழந்த குழந்தையிடமிருந்து டிரில் பீரியடையும் பிடுங்கிக் கணக்குப் பாடத்துக்குக் கொடுப்பதை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

மேட்டுக்கு அப்பால் இறக்கம். இறங்கும்போது தொடைத்தசைகள் நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கி நிறுத்துகின்றன. மூச்சுக்கு அதிகச் சிரமமில்லை, ஆனால் பாதம் ஊன்றும் ஒவ்வொரு முறையும் கால் எலும்பில் அதிர்வு ஏறுகிறது, வளரும் எலும்பு அந்த அதிர்வுக்கு ஏற்பத் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. அந்த இரு சிறுமிகளும் இறக்கத்தில் நடக்கவில்லை. பைகள் முதுகில் குதிக்க, ஓடினார்கள்.