கெளிறு மீன்: பிடித்தலும் சமைத்தலும்

ஏரி, குளம், வாய்க்கால் உள்ள கிராமங்களில் எளிதில் கிடைக்கும் நல்லுணவுகளுள் கெளிறு மீன் ஒன்று. இதனைக் கெளுத்தி என்றும் சொல்வர். இதற்குச் செதிள் கிடையாது. வாயைச் சுற்றியுள்ள மீசைகளாலேயே கலங்கல் நீரிலும் இரையைக் கண்டுகொள்ளும். இதற்கு இனமான தேளி மீன் நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆதலால், கோடையில் குட்டை வற்றி மற்ற மீன்கள் மடிந்த பின்னரும் அது சேற்றில் உயிருடன் இருக்கும்.

பிடிக்கும் முறை

கெளிறு பெரும்பாலும் இருட்டிய பின்னரே இரை தேடும். தூண்டிலில் மண்புழுவைக் கோத்து, அது குளத்தின் தரையைத் தொடுமாறு விடுதல் வேண்டும். நீர் முழங்காலளவாகக் குறைந்தபோது, இருபுறமும் திறந்த ஊத்தாக் கூடையைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனை எடுப்பது வழக்கம். தேளி உள்ள இடத்தில் இவ்வாறு கையை விடுதல் தகாது. சிறு கைவலையால் அள்ளுவதே உத்தமம்.

முள் குத்தினால்

கெளிற்றுக்கு முதுகில் ஒன்றும், செவிளின் பின்னே பக்கத்திற்கு ஒன்றுமாக முட்கள் உண்டு. தேளியின் பக்கமுள் விஷமுடையது, கடுவலி தரும். குத்துண்ட இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய வெந்நீரில் 30 முதல் 90 நிமிஷம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வெந்நீரின் சூட்டை மற்றொரு கையால் முன்னதாகச் சோதித்தல் அவசியம். இல்லையேல் தோல் வெந்துவிடும். சாணமோ சுண்ணாம்போ அப்பலாகாது. முள் ஒடிந்து உள்ளே தங்கினாலும், வீக்கம் மிகுந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்க. தடைஊசி போட்டுக்கொள்வதைப் பற்றியும் அங்கே கேட்டறிக.

சமைக்கும் முறை

மீனைத் தடித்த துணியால் பிடித்து, முதலில் முட்களை வெட்டி நீக்குக. கல்லுப்பும் சாம்பலும் இட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வழவழப்பு நீங்கும். செவிளையும் குடலையும் அகற்றிப் பலமுறை கழுவுக. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சம்பழ அளவு புளி போதும். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு, புளிக்கரைசல் சேர்த்துக் கொதிக்க விடுக. பச்சை வாசனை போனபின் மீனையிட்டு, சதை நன்றாக வேகும்வரை சிறுதீயில் வைத்திறக்குக. அகப்பையால் கிளறினால் மீன் உடையும். சட்டியைச் சுழற்றிவிடுதலே முறை.

குளத்தைக் காத்தல்

மழைக்காலம் இவை முட்டையிடும் காலம். புதுநீர் வரும்போது வாய்க்காலை அடைத்துப் பறி வைத்துச் சினைமீன்களை வாரிவிட்டால், மறுவருஷம் குளத்தில் மீன் அருகிப்போம். மீனுக்காக நீரில் நஞ்சு கலத்தலோ பெருங்கேடு: குஞ்சுகள் யாவும் அழியும், அந்நீரைப் பருகும் ஆடுமாடுகளுக்கும் ஆபத்து. மற்ற மீன்களைத் தின்றழிக்கும் ஆப்பிரிக்கக் கெளிற்றின் வளர்ப்பை இந்திய அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. அதனைக் குளங்களில் விடலாகாது. சினைமீனையும் சிறுமீனையும் நீரிலேயே விட்டுவைக்கும் கிராமத்திற்கு ஆண்டுதோறும் மீன் உணவு குறையாது.