பாக்கு விரிகுடாவின் நீரோட்டங்கள்

பாக்கு விரிகுடாவில் நீர் எத்திசை நோக்கி ஓடுகின்றது என்று தீவகத்து முதிய கடலோடி ஒருவரை வினவினால், அவர் உடனே விடை கூறார். எந்த மாதம், பிறை எத்தனை, எவ்விடம் என்று நம்மையே திருப்பி வினவுவார். இம்மூன்று வினாக்களும் நீரோட்டத்தை ஆளும் மூன்று பெருங்காரணங்களைத் தொடுவன. பருவக்காற்று, வற்றுப்பெருக்கு, கடலின் ஆழமும் கரையின் வடிவும் என்பனவே அவை. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு நீரோட்டத்தைக் கணிக்கப் புகுவோர் பிழைபடுவர். அப்பிழை வலையையும், சில வேளைகளில் உயிரையும் விலையாகக் கொள்ளும்.

1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த இராபட்டு பாக்கு என்பவரின் பெயரைத் தாங்கியுள்ள இவ்விரிகுடா மிக ஆழங்குறைந்தது. இதன் பெரும்பகுதி 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமே உடையது. வடக்கே கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் இடையே பாக்கு நீரிணை என்னும் அகன்ற வாயில் வங்கக் கடலை நோக்கித் திறந்துள்ளது. தெற்கேயோ, தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளத்திற்கு ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகள் கிடக்கின்றன. அத்திட்டுகளின் இடைவெளிகளும் பாம்பன் கால்வாயுமே மன்னார்க் குடாவிற்குச் செல்லும் வழிகள். அகன்ற வாயில் ஒன்றும் குறுகிய வாயில்கள் சிலவும் கொண்ட ஆழமற்ற தொட்டியென இதனைக் கருதலாம்.

இனி, முதலாவது காரணமாகிய பருவக்காற்றை ஆராய்வாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசுங்காலத்தில் இந்தியாவின் கீழைக்கரையை ஒட்டி நீர் தெற்கு நோக்கி இறங்குகின்றது. அதன் ஒரு பகுதி பாக்கு நீரிணையினூடாக உட்புகுந்து, தெற்கு வாயில்களால் மன்னார்க் குடாவை அடைகின்றது. பேராறுகளின் நன்னீர் கலந்ததாகலின் இந்நீர் உவர்த்தன்மை குறைந்தது. தென்மேல் பருவக்காற்றாகிய சோழகம் எழுந்தபின் நிலை தலைகீழாகின்றது. மன்னார்க் குடாவின் உவர் மிகுந்த நீர் வடக்கு நோக்கி ஏறுகின்றது. இராமநாதபுரக் கரையின் மீனவர் நீரோட்டத்தை நீவாடு என்பர். வடக்கிருந்து வருவதை வாநீவாடு எனவும், தெற்கிருந்து வருவதைச் சோநீவாடு எனவும் அவர்கள் பிரித்து வழங்குவது இப்பருவ மாற்றத்தையே குறிக்கும்.

இரண்டாவது காரணம் வற்றுப்பெருக்கு. திங்களும் ஞாயிறும் ஈர்ப்பதனால் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை கடல் பெருகி வற்றுகின்றது. அமாவாசை, பூரணை நாட்களை அடுத்து இவ்வேற்றத்தாழ்வு மிகும். அட்டமியை அடுத்துக் குறையும். இவ்விரிகுடாவில் அது ஒரு மீற்றரினும் குறைவே. ஆயினும் அதனைச் சிறிதென்று இகழலாகாது. ஆதாம் பாலத்தின் இருபுறத்தும் நீர்மட்டம் ஒரே வேளையில் உயர்ந்து தாழ்வதில்லை. உயர்ந்த பக்கத்து நீர் குறுகிய வாயில்களினூடாகத் தாழ்ந்த பக்கத்திற்கு விரையும்.

இவ்விரு காரணங்களும் ஒன்றோடொன்று கூடும் முறையே கருத்தூன்றி நோக்கற்பாலது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பருவ நீரோட்டம் தெற்கு நோக்கிச் செக்கனுக்கு 30 சதமமீற்றர் எனவும், வற்றுப்பெருக்கின் ஓட்டம் 20 சதமமீற்றர் எனவும் வைத்துக்கொள்க. இரண்டும் ஒரே திசையில் அமையும் வேளையில் வேகம் 50 ஆகும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தின்பின் அவை எதிர்ப்படும்போது அது 10 ஆகக் குறையும். திசை மாறவில்லை, வேகமோ ஐந்திலொன்றாயிற்று. வலையின்மீது நீர் செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவதால், அவ்விசை இருபத்தைந்திலொன்றாகிவிடும். காலையில் தளர்ந்து கிடந்த வலை பிற்பகலில் அறுந்துபோவதன் மறைபொருள் இதுவே.

பங்குனி, சித்திரை மாதங்களில் பருவக்காற்று ஓய்கின்றது. அப்போது பருவ நீரோட்டம் 10 சதமமீற்றராகத் தளர்ந்தது என்க. வற்றுப்பெருக்கின் 20 அதனை வென்றுவிடும். ஒரு வேளை தெற்கே 30, மறுவேளை வடக்கே 10 என ஒரே நாளில் திசையும் மாறும். கடலோடி மாதத்தையும் பிறையையும் சேர்த்து வினவியது இதனாலேயே.

நிற்க, இடத்தைப் பற்றிய வினாவிற்கும் விடை காண்பாம். ஒரே அளவு நீர் அகன்ற வழியிலிருந்து குறுகிய வழிக்குட் புகும்போது விரைதல் இயல்பு. குறுக்குவெட்டுப் பரப்பு பாதியானால் வேகம் இருமடங்காகும். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு ஆகியவற்றின் இடைக்கடல்களிலும் பாம்பனிலும் இவ்விளைவைக் காணலாம். தீவின் மறைவிலோ நீர் சுழன்று, கொணர்ந்த மணலைப் படியவிடும். ஆழத்தாலும் வேறுபாடு உண்டு. அடித்தரையின் உராய்வினால் கீழ்நீர் தாமதிக்கும். காற்று மேனீரைக் கரையில் குவிக்குமாயின், கீழ்நீர் எதிர்த்திசையில் மீளவுங் கூடும்.

ஆழமற்ற கடலில் காற்றின் வலிமை எத்தகையது என்பதை 1964 திசெம்பர் 22, 23 ஆந் தேதிகளில் வீசிய சூறாவளி காட்டிற்று. அது குவித்த நீர் தனுக்கோடிப் பட்டினத்தையே அழித்தது. நீரோட்டம் கொணர்வதும் நீர் மட்டுமன்று. 2025 மே 25 இல் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கிற்று. அதன் பின்னர், தென்மேல் பருவக்காற்று வீசிய சூன் மாதத்தில், பிளாத்திக்குச் சிறுமணிகள் தனுக்கோடியிலும் இலங்கையின் வடபாற் கரைகளிலும் ஒதுங்கின. ஒரு நாட்டின் கரையில் நேர்ந்த கேடு மறுநாட்டின் கரையில் ஏறுவதற்கு எல்லைக்கோடு தடையாகாது.

இவ்வுண்மைகள் நமக்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றன. தாம்போதி அமைப்பினும், கால்வாய் தோண்டினும் நாம் மாற்றுவது நிலத்தை மட்டுமன்று. நீர் செல்லும் வழியையுமாகும். வழி அடைபடின் உவர்த்தன்மை மாறும். மணல் புதிய இடங்களிற் படியும். மீனும் இறாலும் இடம்பெயரும். ஆதலின் அளந்தறிந்தபின் செய்வதே அறிவுடைமை. மிதவை ஒன்றும் மணிக்கூடு ஒன்றும் திசையறி கருவி ஒன்றும் இருந்தால், நம் மாணவர் இறங்குதுறையில் நின்றே நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் குறித்துவரலாம். ஆண்டு முழுவதும் பிறைதோறும் எழுதிய அத்தகைய குறிப்பேடு, முதிய கடலோடியின் மூன்று வினாக்களுக்கும் எண்களால் விடை கூறும்.